வவுச்சர் இல்லாத கண்ணீர்

ஆகஸ்ட் 7 நெருங்கினாலே எனக்கு அடிவயிற்றில் ஒரு கலக்கம். தேசியக் கைத்தறி நாள். 2015-ல் ஆரம்பித்து வைத்தார்கள். நல்ல விஷயம். கைத்தறிக்கு ஒரு நாள் வேண்டியதுதான். ஆனால் அந்த வாரம் பத்திரிகைக்காரன் மேஜைக்கு வந்து குவிகிற நெசவாளர் கவிதைகள் இருக்கிறதே... தபாலில், ஈமெயிலில், வாட்ஸ்அப்பில்! எழுதியவர் காஞ்சிபுரமாக இருக்கலாம், கனடாவாக இருக்கலாம். உறையைப் பிரிக்காமலே உள்ளே என்ன இருக்கும் என்று சொல்லிவிடுவேன். ஊருக்கெல்லாம் பட்டு நெய்கிறவன் வீட்டில் கந்தல். அவன் தறியில் ஓடுவது நூல் இல்லை, கண்ணீர். கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி. கவிஞர் தாராள மனசுக்காரர் என்றால் மூன்று.

போன வாரம் ஒரு சோதனை செய்து பார்த்தேன். செல்போனில் 'நெசவாளர் பற்றி ஒரு கவிதை கொடு' என்று கேட்டேன். மூன்றே செகண்ட். பட்டு, கந்தல், கண்ணீர், ஆச்சரியக்குறி, எல்லாம் ஆஜர். அதைத் தபாலில் வந்தவற்றோடு கலந்து வைத்து, எது யந்திரம் எழுதியது என்று கண்டுபிடிக்கச் சொன்னால் என்னால் முடியாது. உங்களாலும் முடியாது. யந்திரத்துக்கு மூக்கு இல்லை, தோல் இல்லை, சின்ன காஞ்சிபுரத்துக்கு அது பஸ் ஏறிப் போனதில்லை. சரி, நம்ம கவிஞருக்கு என்ன கேடு?

நான் பி.காம். படித்தவன். கவிதையைப் பற்றிப் பேச உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். ஒன்றே ஒன்றுதான். கணக்குப் பாடத்தில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது, வவுச்சர் இல்லாமல் பேரேட்டில் ஒரு பைசா ஏறக்கூடாது. ஆட்டோவுக்குக் கொடுத்த நாற்பது ரூபாய்க்கும் ஒரு துண்டுச் சீட்டு வேண்டும். இந்தச் சட்டம் கவிதைக்கும் வேண்டும் என்கிறேன். 'கண்ணீர்' என்று எழுதினால், எங்கே பார்த்தாய், எந்தக் கண்ணில், அப்போது அந்த வீட்டில் என்ன வாசனை அடித்தது, கையில் என்ன பட்டது? சீட்டைக் காட்டு. காட்ட முடியாவிட்டால் அந்த வரியை அடி.

நெசவாளிக்குக் கஷ்டம் இல்லை என்று நான் சொல்லவில்லை, உடனே சண்டைக்கு வராதீர்கள். பிரியதர்ஷன் 'காஞ்சிவரம்' எடுத்தார். 2007-க்கான சிறந்த படம் என்று தேசிய விருது, பிரகாஷ்ராஜுக்குச் சிறந்த நடிகர். மகள் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை என்று வாக்குக் கொடுத்த நெசவாளியின் கதை. ஒருவர் சொன்னார், நன்றாகச் சொன்னார், முடிந்தது. அதையே இத்தனை வருஷமாகக் கார்பன் காப்பி எடுத்துக்கொண்டிருந்தால் எப்படி? பத்தாவது காப்பியில் எழுத்தே தெரியாது.

நீங்களே ஒரு நாள் போய்ப் பாருங்கள். காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதர் இருப்பது பெரிய காஞ்சி, வரதராஜர் இருப்பது சின்ன காஞ்சி. விடியற்காலையில் போனால், நீளமான தெருவில் பாவு நீட்டி வைத்திருப்பதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். அரிசிக் கஞ்சி தோய்ந்த பட்டு இழைகள் வீட்டு வாசல்களைத் தாண்டிப் போகும். அதில் ஒரு வாசனை உண்டு. பழைய சோற்றுப் பானையைத் திறந்த மாதிரி லேசான புளிப்பு. வெயில் ஏறுவதற்குள் வேலை முடிய வேண்டும் என்பதால் யாரும் உங்களிடம் நின்று பேச மாட்டார்கள். பேச்சு வேண்டாம், மூக்கை மட்டும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தறி. அது குழித்தறி. தரையில் குழி, அதற்குள் கால், காலுக்கு அடியில் மிதி. மழைக்காலத்தில் குழியின் ஈரம் கணுக்காலில் ஏறும். நெய்கிறவரிடம் உங்கள் கண்ணீரைப் பற்றிக் கேட்டால் விழிப்பார். முழங்காலைப் பற்றிக் கேளுங்கள், அரை மணி நேரம் பேசுவார். முதுகைப் பற்றிக் கேளுங்கள், சட்டையைத் தூக்கிக் காட்டுவார். கூலியைப் பற்றிக் கேளுங்கள், குரலைத் தாழ்த்திக்கொள்வார். விசைத்தறியில் ஓட்டிய சேலையைக் காஞ்சிப்பட்டு என்று விற்கிறார்களே என்று கேளுங்கள், அப்போது குரல் தாழாது! அவருடைய பிள்ளை தறிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்டரி பஸ்ஸுக்கு ஐந்து மணிக்கே போய் நிற்கிறான். இந்த முழங்கால், இந்த பஸ், இந்தத் தாழ்ந்த குரல் எதுவும் உங்கள் கவிதையில் வராது. ஏன்? இதையெல்லாம் போய்ப் பார்க்க வேண்டும். கண்ணீர் என்று எழுத மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தால் போதும்.

இங்கே எனக்கு நிஜமாகவே கோபம் வருகிற இடம் ஒன்று இருக்கிறது. காஞ்சிப்பட்டின் பெருமை கோர்வை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டையும் தனித்தனி நாடாவில் நெய்து இழைக்கு இழை கோத்துக்கொண்டே போக வேண்டும். இதை ஒரு ஆள் செய்வது கஷ்டம். பக்கத்தில் உட்கார்ந்து மறுபக்கத்து நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். அந்த இன்னொரு கை யாருடையது? பல வருஷ காலம் அது ஒரு குழந்தையின் கை. பள்ளிக்கூடம் போகாத எட்டு வயது, பத்து வயதுக் குழந்தை. முதலாளியிடம் அப்பா வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளையின் கை ஈடு. 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி அறிக்கை போட்டது. அதில் காஞ்சிபுரமும் இருந்தது. அரசாங்கமும் தொண்டு நிறுவனங்களும் படாத பாடுபட்டு அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்து வந்தார்கள்.

அந்தக் காலத்திலும் நெசவாளர் கவிதைகள் எழுதப்பட்டன. கவியரங்கங்களில் கைதட்டல் வாங்கின. எனக்குத் தெரிந்து அந்தக் குழந்தை எந்த மேடையிலும் ஏறவில்லை. தறி வீட்டுக்குள் ஒரே ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால் முதலில் கண்ணில் படுவது அந்தப் பிள்ளைதானே! நெய்கிறவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. 'நெசவாளியின் கண்ணீர்' என்கிற திரை அதை மறைத்துவிட்டது. பார்க்காமல் எழுதின கவிதை வெறும் மோசமான கவிதை என்றால் நான் இவ்வளவு கத்த மாட்டேன். அது பொய்ச்சாட்சி. வாசித்தவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு, காந்தி ரோடு கடைக்குப் போய், கல்யாணப் புடவைக்கு இருநூறு ரூபாய் குறைக்கச் சொல்லி மல்லுக்கு நின்றார்கள்.

'அப்படியென்றால் நெசவாளிதான் நெசவைப் பற்றி எழுத வேண்டுமா?' என்று சிலர் கேட்பார்கள். அடடா, அப்படிச் சொன்னால் இந்த ஊர்க்காரர்களே என்னை அடிப்பார்கள். காஞ்சியைப் பற்றிய மிகப் பழைய பாட்டுகளில் ஒன்று பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் எழுதியது. ஐந்நூறு அடி. தொண்டைமான் இளந்திரையன் என்கிற ராஜாவிடம் போய்ப் பரிசு வாங்கு என்று ஒரு பாணனுக்கு வழி சொல்லுகிற பாட்டு. ராஜாவைப் புகழ்ந்து காசு வாங்குகிற காரியம்தானே, நாலு பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மனுஷன் என்ன செய்திருக்கிறார் தெரியுமா? வழி நெடுக என்ன சாப்பாடு கிடைக்கும் என்று எழுதியிருக்கிறார். உப்பு வண்டியின் முன்பக்கம் கயிற்றில் கட்டின ஊறுகாய்ப் பானையை எழுதியிருக்கிறார். அந்தணர் வீட்டில் மாதுளம்பிஞ்சை வெண்ணெயில் வதக்கி, மிளகும் கறிவேப்பிலையும் போட்டுத் தருவார்கள், கூடவே மாவடு. படிக்கும்போதே நாக்கில் ஊறுகிறது! ஊருக்குப் பக்கத்தில் யானைக்கு நெய்ச்சோற்று உருண்டை வைத்திருப்பார்கள், காவலாளி அசந்தால் மந்தி தூக்கிக்கொண்டு ஓடிவிடும்.

எனக்குப் பிடித்த இடம் வேறே. மோர் விற்கிற ஆய்ச்சி, நெய்க்கு விலையாகப் பொன் கொடுத்தால் வேண்டாம் என்கிறாள். எருமையும் பசுவும் கன்றும் வாங்குகிறாள். தூங்குகிற சொத்து வேண்டாம், பால் கறக்கிற சொத்து கொடு! எந்தக் காமர்ஸ் புரொபசரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித் தரவில்லை. உருத்திரங்கண்ணனார் மோர் விற்றாரா, உப்பு வண்டி ஓட்டினாரா? நின்று பார்த்தார், சாப்பிட்டுப் பார்த்தார். அவ்வளவுதான் நான் கேட்பதும்.

இன்னொரு சாட்சி, சின்ன காஞ்சிபுரத்திலேயே. வரதராஜர் கோயிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் தூப்புல். 1268-ல் வேதாந்த தேசிகர் பிறந்த இடம். பெரிய தத்துவவாதி, தர்க்கத்தில் சிங்கம் என்று பட்டம். அப்படிப்பட்டவர் 'பாதுகா ஸஹஸ்ரம்' என்று 1008 சுலோகம் எழுதினார். எதைப் பற்றி? ஸ்ரீரங்கத்துப் பெருமாளின் காலணியைப் பற்றி. ஒரே ராத்திரியில் எழுதினார் என்று சொல்வார்கள், அது கிடக்கட்டும். அதில் ஒரு பகுதி, முழுசாக நூறு சுலோகம், அந்தப் பாதுகையின் சத்தத்துக்கு மட்டும். சத்தம்! நடக்கும்போது வருகிற ஒலி. பிரம்மத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக வாதாடத் தெரிந்த மனிதர், கவிதை என்று வந்தவுடன் காதைத் தரையில் வைத்துக் கேட்கிறார். நம்ம ஆட்களோ நேரே பிரபஞ்சத்தில் ஆரம்பிக்கிறார்கள்.

கற்பனைக்கு இடமே இல்லையா, கம்பர் இலங்கைக்குப் போனாரா என்று ஒரு கேள்வி பாக்கி இருக்கும். போகவில்லை. கோசல நாட்டுக்கும் போகவில்லை. அதனால்தான் அவருடைய கோசலத்தில் காவிரிக்கரை வயல் மணக்கிறது. வவுச்சர் சோழ நாட்டில் வாங்கினது. செல்லும்!

*

இப்போது கவிதையில் புதுசாக ஒரு வியாபாரம் வந்திருக்கிறது. வார இறுதிப் பயிலரங்கம். ஈ.சி.ஆர். ரோட்டில் குளிர்சாதன ஹால், மதியம் பஃபே, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி ஒரு புல்லாங்குழல் இசை. 'எழுதுங்கள், உங்களைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.' ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆளுக்கொரு சான்றிதழ், ஆளுக்கு நாலு கவிதை. எல்லாவற்றிலும் சிறகு முளைத்திருக்கும்.

மனசு சரியில்லாதவர் நாலு வரி எழுதி ஆறுதல் அடைந்தால் எனக்கு என்ன நஷ்டம்? எழுதட்டும். வீட்டில் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் 'நான் புதிதாய்ப் பிறந்தேன்' என்று புத்தகம் போட்டு என்னிடம் மதிப்புரை கேட்கும்போது, பிரசவம் எங்கே நடந்தது என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

சின்ன காஞ்சியில் இதற்கு ஒரு கதையே இருக்கிறது. திருவெஃகா கோயில், சொன்னவண்ணம் செய்த பெருமாள். திருமழிசை ஆழ்வார் அங்கே இருந்தபோது ஒரு கிழவி தினமும் இடத்தைக் கூட்டி மெழுகி வைப்பாளாம். ஆழ்வார் சந்தோஷப்பட்டு, என்ன வேண்டும் என்று கேட்க, அவள் இளமை கேட்டாள். கிடைத்தது. பல்லவ ராஜா பார்த்தான். தனக்கும் அந்த இளமை வேண்டும் என்று ஆழ்வாரின் சீடன் கணிகண்ணனைக் கூப்பிட்டு, உன் குருவைக் கூட்டி வா என்றான். முடியாது என்றான் சீடன். சரி, நீயாவது என்மேல் ஒரு பாட்டுப் பாடு. அதுவும் முடியாது. ஊரை விட்டுப் போ என்று உத்தரவு. கணிகண்ணன் கிளம்பினான். பின்னால் ஆழ்வார் கிளம்பினார். போகிறபோது பெருமாளையும், பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வா என்று கூப்பிட, அவரும் சுருட்டிக்கொண்டு எழுந்து நடந்தார். ராத்திரி தங்கின இடம்தான் ஓரிருக்கை, இப்போது ஓரிக்கை. ஊர் இருண்டு போய், ராஜா ஓடி வந்து காலில் விழுந்து, எல்லாரும் திரும்பி வந்தார்கள்.

கதைதான், சரித்திரம் என்று அடம்பிடிக்கவில்லை. ஆனால் கவனியுங்கள், புது உடம்பு யாருக்குக் கிடைத்தது? துடைப்பம் பிடித்த கிழவிக்கு. அவள் கையில் சாணி நாற்றம் இருந்தது, இடுப்பில் வலி இருந்தது. ஆர்டர் கொடுத்துப் பாட்டு வாங்கப் பார்த்த ராஜாவுக்குக் கிடைக்கவில்லை. அவன் அன்றைக்கே வார இறுதிப் பயிலரங்கம் கேட்டிருக்கிறான், பாவம்! இன்னொன்று. திரும்பி வந்த பெருமாள் முன்பு படுத்த மாதிரியே படுக்கவில்லை, கை மாறிப் படுத்தார் என்று அந்தக் கோயிலில் சொல்வார்கள். போய்ப் பார்த்தால் அப்படித்தான் சயனித்திருக்கிறார். ஒரு ராத்திரி வெளியே நடந்துவிட்டு வந்த சாமிக்கே உடம்பு வாகு மாறிவிடுகிறது. பயிலரங்கம் போய்விட்டு வந்தவரின் அடுத்த கவிதையில் ஒரு கமா கூட மாறுவதில்லை.

2019-ல் அத்திவரதர் வந்தார். நாற்பது வருஷம் குளத்துக்கடியில் இருந்த அத்திமர உருவம், 48 நாள் தரிசனம், ஜூலை முழுக்கப் படுத்த கோலம், ஆகஸ்டில் நின்ற கோலம். ஒரு கோடிப் பேர் வந்தார்கள் என்றார்கள். புதுப்பித்தலுக்கு இதைவிடப் பெரிய விஷயம் வேண்டுமா! வந்த கவிதைகளைப் படித்தேன். எல்லாம் டி.வி.யைப் பார்த்து எழுதினவை. மணிக்கணக்கில் தடுப்புக் கட்டைகளுக்கு நடுவே நின்றவர்களின் வியர்வை இல்லை, கை நழுவிப்போன பிள்ளையைத் தேடின அம்மாவின் குரல் இல்லை. நெரிசலில் உயிர்கள் போயின. அதுவும் இல்லை. அதே கோயிலில் மேல் கூரையில் இருக்கிற தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட ஜனங்கள் கியூவில் நிற்கிறார்கள். கையால் தொட்டால்தான் தோஷம் போகும் என்று நம்புகிற ஊர் இது. மந்தாரை இலை போட்ட மூங்கில் குடலையில் வேகிற கோயில் இட்லியில் சுக்கும் மிளகும் தொண்டையைத் தொடும். இந்த ஊரில் வந்துமா ஐயா, அருவமாக எழுதுகிறீர்கள்?

செய்ய முடியாத காரியத்தைக் கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள். காஞ்சிபுரம் பக்கத்துக் கன்னிகாபுரத்தில் பிறந்தவர் நா. முத்துக்குமார். 2016-ல் நாற்பத்தோரு வயசில் போய்விட்டார். சினிமாப் பாட்டுக்கு இரண்டு தேசிய விருது வாங்கினவர் என்றுதான் உங்களுக்குத் தெரியும். அதற்கு முன்பே 'தூர்' என்று ஒரு சின்னக் கவிதை எழுதினார். சுஜாதா மேடையில் வாசித்துக் காட்டி நாடெங்கும் பேசப்பட்டது. வருஷத்துக்கு ஒருதரம் வீட்டுக் கிணற்றில் தூர் வாருகிறார்கள். சேற்றோடு சாமான்கள் மேலே வருகின்றன. அதில் ஒரு வெள்ளி டம்ளர். வேலைக்காரி எடுத்திருப்பாளோ என்று சந்தேகப்பட்ட டம்ளர்! அந்த ஒரு டம்ளரில் ஒரு வீடு, ஒரு வேலைக்காரி, ஒரு அநியாயம் மூன்றும் இருக்கிறது. அவர் கண்ணீர் என்று எழுதவே இல்லை. கடைசியில் அப்பாவும் அம்மாவும் வாழ்ந்த வாழ்க்கையில் தூர் வாராமல் விட்டுப்போன ஒரு கிணறு இருப்பதைச் சொல்லி நிறுத்திவிடுகிறார். மனசைப் புதுப்பிப்பது பற்றித் தமிழில் நான் படித்த நல்ல கவிதைகளில் அது ஒன்று. அதற்குச் சேறு தேவைப்பட்டது, புல்லாங்குழல் தேவைப்படவில்லை.

அண்ணா பிறந்ததும் இந்த ஊர்தான், நெசவாளர் குடும்பம். அவருடைய அடுக்குமொழியைப் பிடித்துக்கொண்ட கவியரங்கக்காரர்கள், 1953-ல் கைத்தறி தேங்கிக் கிடந்தபோது அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் விற்றதை மட்டும் பிடித்துக்கொள்ளவில்லை. மொழியை எடுத்தார்கள், மூட்டையை விட்டுவிட்டார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டும் நெசவைப் பற்றித்தான் எழுதுவேன் என்கிறீர்களா? எழுதுங்கள். ஒரு விஷயம் சொல்கிறேன். ஒரு பாவு நெய்து முடிந்ததும் தறியில் பழைய இழைகளின் நுனி மட்டும் மிஞ்சி நிற்கும். புதுப் பாவு வந்து சேரும். பழைய இழை ஒவ்வொன்றோடும் புது இழை ஒன்றைச் சேர்த்து விரலால் முறுக்கிப் பிணைக்க வேண்டும். முடிச்சுப் போட்டால் அச்சில் சிக்கிக்கொள்ளும், அதனால் வெறும் முறுக்குதான். ஆயிரக்கணக்கான இழைகள். பெரும்பாலும் பெண்கள் செய்கிற வேலை. விரல் நுனியில் கொஞ்சம் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பேச்சும் சிரிப்புமாக, கண் மட்டும் இழையை விட்டு நகராமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். முடிந்ததும் மெதுவாக இழுத்தால், பழைய இழை புது இழையைக் கைப்பிடித்து விழுதுக்குள்ளும் அச்சுக்குள்ளும் கூட்டிக்கொண்டு போகும். தறி மறுபடி ஓடும்.

இத்தனை வருஷத்தில் என் மேஜைக்கு வந்த நெசவாளர் கவிதைகளில் அந்தச் சாம்பல் விரல் ஒன்றில்கூட வரவில்லை. ஆகஸ்ட் 7-க்கு இன்னும் நாள் இருக்கிறது.